எந்த மொழியில் தொடங்குவது, டீச்சர்?

சென்ற மாதக் குறுவள மையக் கூட்டத்தில், மதிய இடைவேளையின்போது பக்கத்துப் பள்ளி இடைநிலை ஆசிரியை ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். "டீச்சர், நீங்க பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லித் தர்றீங்களாமே. எனக்கும் கத்துக்கணும்னு ஆசை. எந்த லாங்குவேஜ்ல ஆரம்பிக்கிறது? சி-யா, ஜாவாவா, பைத்தானா?" என்று கேட்டார். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அவருக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கணினி ஆசிரியர் அல்ல. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். நிரல் எழுதத் தெரியாமல் இருபது ஆண்டுகளைக் கழித்தவள் என்பதுதான் இதைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் தகுதி.

2000ஆம் ஆண்டு, பி.எஸ்சி. முடித்த கையோடு பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் கணினி மையத்தில் சேர்ந்தேன். ஆறு மாத வகுப்பு, சி மொழி. வாரத்தில் நான்கு நாள் கரும்பலகையில் நிரல்களை எழுதிப் போடுவார்கள். நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். ஐந்தாம் நாள் கணினி முன் அமர்ந்து, நோட்டைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்வோம். பிபனாச்சி எண் தொடருக்கான நிரலைத் திருக்குறள் போல மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வில் அதுவே வந்தது. முதல் வகுப்பு, சான்றிதழ் இன்றும் என் கோப்பில் இருக்கிறது. ஆனால் அந்த வாரமே என் தம்பி, "அக்கா, 1 முதல் 100 வரை ஒற்றைப்படை எண் மட்டும் வர்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக் காட்டேன்" என்றபோது என் கை ஓடவில்லை. நான் மனப்பாடம் செய்ததில் அது இல்லை. 'நமக்கு இது வராது' என்று அன்று முடிவு கட்டியவள், பி.எட்., பணி நியமனம், இடமாறுதல், குழந்தைகள் என எல்லாவற்றுக்கும் நடுவே அந்த முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவேயில்லை.

மாற்றியது என் மகனின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல். நம் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். அவன் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் படித்துவிடலாம் என்று இறங்கி, நான்காம் நாளே நின்றுபோனேன். வரையறைகள் எல்லாம் புரிந்தன. அவற்றை வைத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. புத்தகத்தின் மீது குறையில்லை. நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது ஒரு வேலை தேடி வந்தது. எங்கள் பள்ளியில் 1 முதல் 8 வரை வகுப்புகள். சத்துணவுக்கு அன்றைய வருகையைப் பொறுத்து அரிசி அளக்க வேண்டும். 1 முதல் 5 வரையுள்ள குழந்தைக்கு 100 கிராம். 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு 150 கிராம். சத்துணவு அமைப்பாளர் தினமும் ஒரு துண்டுத் தாளில் பெருக்கிப் பார்ப்பார். "இதை ஏன் கணினியைச் செய்யச் சொல்லக் கூடாது?" என்று தோன்றியது. சின்னக் கணக்குதான், கைபேசிக் கால்குலேட்டரே போதும். ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. விடை சரியா தவறா என்று யாரையும் கேட்காமல் நானே சொல்லிவிட முடியும். தொடக்கநிலையில் இருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இப்படி ஒரு கணக்கைத்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் தாளில் எழுதினேன். தொடக்கநிலையில் 42 பேர், உயர்தொடக்கநிலையில் 38 பேர் என்றால்: 42ஐ 100ஆல் பெருக்க 4,200. 38ஐ 150ஆல் பெருக்க 5,700. கூட்டினால் 9,900 கிராம். அதாவது 9.9 கிலோ. பிறகு, கையால் செய்தபோது என்னென்ன செய்தேன் என்பதை ஒவ்வொரு படியாகத் தமிழில் எழுதினேன். இரண்டு எண்களைக் கேள், முதல் எண்ணை நூறால் பெருக்கு, இரண்டாவதை நூற்றைம்பதால் பெருக்கு, கூட்டு, ஆயிரத்தால் வகு, விடையைக் காட்டு. ஆறே வரிகள். உண்மையில் நிரல் எழுதும் வேலை இங்கேயே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. மீதி, அந்த ஆறு வரிகளைப் பைத்தானுக்குப் புரியும்படி மாற்றுவதுதான். அந்தந்த வரிக்கு என்ன தேவையோ அதை மட்டும் மகனின் புத்தகத்தில் தேடினேன். 'இன்புட்' என்றால் கேட்கும், 'பிரிண்ட்' என்றால் காட்டும். அன்றைக்கு அவ்வளவு போதுமாயிருந்தது.

முழுக் கணக்குக்கும் போகும் முன், மொத்த வருகையை மட்டும் கூட்டிப் பார்ப்போம் என்று எழுதி இயக்கினேன். 42 கொடுத்தேன். 38 கொடுத்தேன். திரையில் 4238 என்று வந்தது.

பிழைச் செய்தி எதுவும் இல்லை. கணினி தன் வேலையைச் சரியாக முடித்த தோரணையில் காத்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மகன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நம்ம ஊர்லயே அவ்ளோ பேர் கிடையாதும்மா." காரணத்தை அவன் சொல்ல வந்தபோது வேண்டாமென்று தடுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நாம் ஆறாம் வகுப்பில் எண், எண்ணுரு என்று பிரித்துச் சொல்லித் தருகிறோமே, அதேதான். விசைப்பலகையில் நான் தட்டியது 4, 2 என்ற இரண்டு குறியீடுகள். 'இன்புட்' அவற்றை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டச் சொன்னால், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். 'இன்ட்' என்ற கட்டளையால் அதை முழு எண்ணாக மாற்றிய பிறகுதான் 80 என்ற விடை கிடைத்தது. தரவு வகைகள் என்ற பாடத்தை நான்கு முறை படித்தும் பிடிபடாதது, அந்த ஒரு 4238இல் பிடிபட்டது.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். இயக்குவதற்கு முன் விடை என்ன வரும் என்று தாளில் எழுதிவிட வேண்டும். வந்ததும் ஒப்பிட வேண்டும். 9.9 என்று முன்பே எழுதி வைத்திருந்தால்தான் 99 வரும்போது கண் உறுத்தும். பிறர் எழுதிய நிரலைப் படிக்கும்போதும் இதே வழிதான்: இயக்காமல் வாசித்து விடையை ஊகிப்பது, பிறகு இயக்குவது, பிறகு ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றி என்ன ஆகிறதென்று மறுபடியும் ஊகிப்பது. காணொலியைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வது எனது பழைய கணினி மையத்துக்கே நம்மைத் திருப்பி அழைத்துப் போகும். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். மூடிவிட்டு எழுதிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது கேட்டவுடன் நிரலை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. நானும் பயன்படுத்துகிறேன். முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும் அதனிடம் நிரலைக் கேட்காதீர்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வரி ஏன் அப்படி நடக்கிறது என்று வேண்டுமானால் கேளுங்கள்.

என் சத்துணவு நிரல் ஓடிய பிறகுதான் பிள்ளைகளிடம் போகும் துணிவு வந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, ஆறு முதல் எட்டு வரை விருப்பமுள்ளவர்கள் பதினான்கு பேர். பள்ளியில் ஓடும் நிலையில் ஒரு மடிக்கணினியும் ஒரு மேசைக்கணினியும். இது குறை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கணினி இல்லாத நான்கு வாரங்கள்தாம் எங்களுக்கு நல்ல அடித்தளம் ஆயின.

ஒரு மாணவனின் கண்ணைத் துணியால் கட்டி, வகுப்பறை வாசலிலிருந்து என் மேசைக்கு அவனைக் கட்டளைகளாலேயே கொண்டுவரச் சொன்னேன். 'முன்னே போ', 'வலப்பக்கம் திரும்பு' போன்றவை மட்டுமே அனுமதி. "முன்னே போ" என்றதும் அவன் சுவர்வரை போனான். எத்தனை அடி என்று சொல்லவில்லையே! "திரும்பு" என்றதும் சிறிதளவே திரும்பினான். எவ்வளவு என்று சொல்லவில்லையே! நமக்குத் தெரிந்ததெல்லாம் எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்று நாம் எவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு முன்பே எனக்குத் தைத்தது. கணிதம் சொல்லித் தரும்போதும் அப்படித்தானே செய்கிறோம்.

அடுத்த வாரம் கோலம். ஒரு மாணவி தான் போட்ட புள்ளிக் கோலத்தைக் காட்டாமல், வார்த்தைகளால் மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டுப் போட வேண்டும். "ஐந்து புள்ளி, மூன்று வரை, ஊடுபுள்ளி" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதே ஒரு நிரல்தான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களையும் அவற்றை உருவாக்கும் கணினி இலக்கண விதிகளையும் இணைத்து 1974இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது கோலம் சொன்ன மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகுதான் கணினி. பைத்தானோடு 'டர்ட்டில்' என்ற ஆமை ஒன்று கிடைக்கும். முன்னே போ, வலப்பக்கம் இத்தனை பாகை திரும்பு என்றால், அது போகும் வழியில் கோடு விழும். இந்த ஆமையின் மூதாதை, 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்செய்க், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியிலிருந்து வந்தது. சதுரம் எளிதாக வந்தது: 100 முன்னே, 90 பாகை திரும்பு, இதை நான்கு முறை செய். சமபக்க முக்கோணத்துக்கு எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், "அறுபது பாகை டீச்சர்!" ஏழாம் வகுப்பில் நான் சொல்லித் தந்ததுதான். மூன்று முறை போய்த் திரும்பிய ஆமை, மூடாத ஒரு தொட்டி போன்ற வடிவத்தைப் போட்டுவிட்டு நின்றது.

"நீங்க சொன்னது தப்பா டீச்சர்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல், தரையில் சாக்பீஸால் முக்கோணம் வரைந்து ஒருவனை அதன் மேல் நடக்கச் சொன்னேன். மூலையில் அவன் எவ்வளவு திரும்புகிறான் என்று மற்றவர்கள் பார்த்தார்கள். நேராகப் போக வேண்டியவன் அதை விட்டு 120 பாகை திரும்புகிறான். முக்கோணத்துக்குள் இருப்பது 60. நடப்பவர் திரும்புவது வெளிக்கோணம். எத்தனை ஆண்டுகளாக வெளிக்கோணத்தைப் பலகையில் வரைந்திருக்கிறேன், ஒருவரையாவது அதன் மேல் நடக்க வைத்ததில்லை. இதற்குள் ஒரு பையன், மூன்று முறையை ஆறு முறை என்று மாற்றிவிட்டுக் கத்தினான். தவறான அந்த 60, அழகான அறுங்கோணமாகியிருந்தது.

இங்கே ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. கணிதத்தில் எப்போதும் தயங்குபவள். தன் பெயரைத் திரையில் காட்டும் ஒரு வரி நிரலைத் தட்டினாள். 'பிரிண்ட்' என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்தாக விழுந்துவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் ஐடில் சாளரத்தில் பிழைச் செய்திகள் சிவப்பு நிறத்தில் வரும். வந்ததும் சட்டென்று இரண்டு கைகளாலும் திரையை மறைத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. கேட்டபோது, "எனக்கு மட்டும் சிவப்பா வருது டீச்சர்" என்றாள்.

அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கணித நோட்டு முழுவதும் சிவப்பு மை. போட்டவள் நான்.

அடுத்த வாரம் ஒரு பழைய நீள நோட்டை எடுத்து, அட்டையில் 'பிழை நோட்டு' என்று எழினேன். முதல் பக்கத்தில் என் 4238ஐத் தேதியோடு பதிவு செய்தேன். யாருக்குப் பிழை வந்தாலும் பெயர், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, ஏன் என்று எழுத வேண்டும். பேப்பர்ட் ஒரு நிரலைப் பற்றிக் கேட்க வேண்டியது அது சரியா தவறா என்பதல்ல, சரிசெய்ய முடியுமா என்பதே என்று 1980இல் வந்த தம் நூலில் வாதிடுகிறார். அதைப் பிள்ளைகளிடம் விளக்கவில்லை. நோட்டை மட்டும் வைத்தேன். இரண்டாவது பதிவு அந்த மாணவியுடையது.

பிழைச் செய்தியை வாசிப்பது தனிப் பாடமாகவே நடத்த வேண்டிய ஒன்று. பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன வகைப் பிழை என்பது அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே வரி எண் இருக்கும். அந்த வரியில் ஒன்றும் தவறாகத் தெரியாவிட்டால், அதற்கு முந்தைய வரியில் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். இலக்கணம் தவறினால் நிரல் தொடங்கவே தொடங்காது. அது தொடரியல் பிழை. ஓடிக்கொண்டிருக்கும்போது தடுக்கி விழுந்தால் இயக்க நேரப் பிழை. 4238 போல, சத்தமே இல்லாமல் தவறான விடையைத் தருவது தருக்கப் பிழை. சிவப்பு எழுத்துக்குப் பயப்படுவதைவிட, சிவப்பே வராத இந்த மூன்றாவதுக்குத்தான் பயப்பட வேண்டும். கைபேசியில் பழகுபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: விசைப்பலகை தானாகவே முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். அந்த வசதியை அணைத்து வையுங்கள். பாதிப் பிழைகள் போய்விடும்.

இனி, அந்த ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். எந்த மொழி? தொடக்க வகுப்புக் குழந்தைகளோடு சேர்ந்து கற்பதென்றால் ஸ்க்ராட்ச். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் வெளியிட்டது. கட்டளைகளைக் கட்டைகள் போல இழுத்துப் பொருத்தினால் போதும், எழுத்துப் பிழை என்பதே கிடையாது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலும் அதற்கு இடமுண்டு. பெரியவர்கள் தட்டச்சு செய்யத் தயங்காவிட்டால் பைத்தானிலேயே தொடங்கலாம். இலவசம், ஒருமுறை நிறுவினால் இணையம் தேவையில்லை. இரண்டில் எதை எடுத்தாலும் ஆறு மாதம் அதிலேயே இருங்கள். கேட்பது, காட்டுவது, மாறியில் வைப்பது, 'இப்படியானால் இதைச் செய்' என்பது, திரும்பத் திரும்பச் செய்வது ஆகிய ஐந்தும் எல்லா மொழியிலும் உண்டு. இவை ஒன்றில் பழகிவிட்டால் சி++க்குப் போவது, டி.வி.எஸ். ஓட்டியவர் ஸ்கூட்டிக்கு மாறுவது மாதிரிதான்.

"ஆங்கிலம் சரியா வராதே டீச்சர்" என்று அவர் தயங்கினார். பைத்தானின் அடிப்படைச் சொற்கள் முப்பத்தைந்துதான். தொடக்கத்தில் பத்துகூடத் தேவைப்படாது. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எங்கள் சத்துணவு நிரலில் 'அரிசி', 'வருகை' என்றுதான் இருக்கிறது, தடையில்லாமல் ஓடுகிறது. முழுவதும் தமிழிலேயே எழுத 'எழில்' என்ற நிரல்மொழியும் இருக்கிறது.

நேரம்? தினமும் இருபது நிமிடம் எனக்குப் போதுமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்ட வாரங்களில், முந்தைய ஞாயிற்றுக்கிழமை செய்ததை நினைவுபடுத்தவே பாதி நேரம் போனது.

சென்ற வெள்ளிக்கிழமை நடந்தது இது. என் கைபேசியில் சத்துணவு நிரலைத் திறந்து வைத்திருந்தேன். சிவப்பைக் கண்டு திரையை மறைத்த அதே மாணவி வாங்கிப் பார்த்தாள். "டீச்சர், எண்ணைத் தமிழ் எண்ல கொடுத்தா எடுத்துக்குமா?" என்றாள். எடுத்துக்கொள்ளாது, சிவப்பு வரும் என்று உறுதியாகச் சொன்னேன். அதை எழுதி வைக்கச் சொன்னாள், எழுதினேன். தமிழ் விசைப்பலகையில் எங்கெங்கோ தேடி ௪௨ என்று தட்டினாள். அடுத்தது ௩௮. திரையில் 9.9 என்று வந்தது. எழுத்தை எண்ணாக மாற்றும் பைத்தானின் 'இன்ட்' கட்டளைக்குத் தமிழ் எண்ணுருக்களும் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் பிழை நோட்டை எடுத்து வந்தாள். என் பெயரை எழுதி, தேதி போட்டு, கீழே எழுதினாள்: "எதிர்பார்த்தது: பிழை வரும். வந்தது: சரியான விடை. ஏன்: டீச்சர் இன்னும் கண்டுபிடிக்கணும்."